ஃப்ளோட் சேம்பரைக் காலி செய்து நிறுத்துவதா, பெட்ரோலோடு நிறுத்துவதா?

கெடிலக்கரை பத்மினி (கடலூர்)

பழைய காரை நீண்ட நாள் நிறுத்தி வைப்பவர்கள் பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரில் இருக்கும் பெட்ரோலை அப்படியே விட்டுவிட வேண்டும், காலி செய்தால் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வும், மூடியின் இடுக்கை அடைக்கும் கேஸ்கெட்டும் காய்ந்து வெடித்துவிடும் என்று முத்தியால்பேட்டை அன்பர் சென்ற வாரம் இங்கே எழுதியிருந்தார். நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி தன் தந்தையின் காரை அவ்வாறே நிறுத்தப்போவதாக அதற்குக் கீழே நன்றி தெரிவித்திருந்ததைப் பார்த்த பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

என்னிடம் இருப்பது 1986ஆம் ஆண்டுப் பத்மினி கார். 2006இல் வாங்கியதிலிருந்து அதன் சோலெக்ஸ் கார்புரேட்டரை என் கையைத் தவிர வேறு கை தொட்டதில்லை. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தங்கும் சிறு தொட்டியான ஃப்ளோட் சேம்பர், மூடி முத்திரை வைத்த பாத்திரம் அன்று. வெளிக்காற்றின் அழுத்தம் உள்ளே வந்து பெட்ரோலை, காற்று பாயும் குறுகிய வழியான வெஞ்சுரிக்குத் தள்ள வேண்டும் என்பதற்காகவே அதில் காற்றுத் துளை வைத்திருக்கிறார்கள். அதே துளை வழியாகப் பெட்ரோலின் எளிதில் ஆவியாகும் பகுதிகள் முதலில் வெளியேறிவிடுகின்றன. எஞ்சுவது பழுப்பு நிறத்தில் பிசின் போன்ற ஒரு படிவு. இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது பெட்ரோலை அளந்து விடும் பைலட் ஜெட்டின் துளை ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். அதை அடைக்க அந்தப் படிவில் ஒரு துளி போதும். இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தேவனாம்பட்டினத்துக் கடற்காற்று வீசும் ஊரில் அந்த ஈரம் கார்புரேட்டரின் உலோகத்தில் வெள்ளைப் பொடியாகப் பூத்து நிற்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆகவே பம்ப்பிற்கு வரும் ஓஸைக் கழற்றி, அதன் வாயை அடைத்துவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஐட்லிங்கில் ஓட விடுங்கள். சேம்பர் காலியாகிவிடும். பிறகு எத்தனை நாள் வேண்டுமானாலும் வண்டி நிற்கலாம்.

முத்தியால்பேட்டை அம்பாசடர் (புதுச்சேரி)

என் பெயரைக் குறிப்பிட்டு எழுதியதால் பதில் சொல்கிறேன். 31 ஆண்டுகளாகக் கார்புரேட்டர் வண்டி ஓட்டுகிறேன்; நடுவில் ஒரு நாள்கூட வண்டியை வேறொரு வண்டியில் கட்டி இழுத்து வந்ததில்லை.

இன்ஜின் தானாக நின்றுவிட்டால் சேம்பர் காலி என்று கெடிலக்கரையார் நம்புகிறார். இன்ஜின் நிற்பது பெட்ரோல் தீர்ந்ததால் அன்று. ஜெட்டுக்குப் போதுமான அளவு கிடைக்காததால். அந்த நேரத்தில் சேம்பரின் அடியில் ஒரு தேக்கரண்டிப் பெட்ரோலாவது தேங்கி நிற்கும். அதோடு அடியில் படிந்திருக்கும் தூசும் துருவும் இருக்கும். நிறைந்த சேம்பர் வற்றுவதற்குப் பல வாரங்கள் ஆகும். ஒரு தேக்கரண்டி சில நாள்களில் வற்றி, ஜெட்டின் காலடியிலேயே பிசினாகிவிடும். அவர் தடுக்க நினைப்பதை அவரே விரைவுபடுத்துகிறார்.

டயாஃப்ரம் காய்வது கற்பனை அன்று. எங்கள் வீட்டிலிருந்த ஒரு பத்மினியை இங்குள்ள ஒரு பட்டறையில் இவர் சொல்லும் முறையிலேயே காலி செய்து கொடுத்தார்கள். மறுபடி ஓட்டத் தொடங்கிய மூன்றாம் நாள் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் கூடுதல் பெட்ரோலைப் பீய்ச்சும் ஆக்சிலரேட்டர் பம்ப்பின் டயாஃப்ரம் கிழிந்து, பெட்ரோல் சூடான மேனிஃபோல்டின் மேல் சொட்டியது. மூக்கு கூர்மையாக இருந்ததால் பிழைத்தோம்.

கெடிலக்கரை பத்மினி

முத்தியால்பேட்டையார் தம் அம்பாசடரில் எஸ்.யூ. கார்புரேட்டர் பொருத்தியிருப்பதாகப் பல முறை பெருமையோடு எழுதியிருக்கிறார். எஸ்.யூ.வில் ஆக்சிலரேட்டர் பம்ப்பே கிடையாது. பிஸ்டன் தண்டின் மேல் ஊற்றும் எண்ணெய்தான் அந்த வேலையைச் செய்கிறது. தம் வண்டியில் இல்லாத டயாஃப்ரத்தைப் பற்றி அவர் ஊருக்கெல்லாம் எச்சரிக்கை கொடுப்பதை நான் எப்படி எடுத்துக்கொள்வது?

இது முதல் முறையும் அன்று. மெக்கானிக்கல் பம்ப்பைக் கழற்றிவிட்டு மின்சாரப் பம்ப் பொருத்துங்கள் என்று அவர் இங்கே எழுதியதை நான் மறக்கவில்லை. சேம்பர் நிறைந்ததும் பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் நீடில் வால்வு நம் வண்டிகளில் ஏறத்தாழ மூன்று பி.எஸ்.ஐ. அழுத்தத்தைத் தாங்கத்தான் செய்யப்பட்டது. கார்புரேட்டர் இல்லாத ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டிகளின் பம்ப் அதைப் போல் பத்து மடங்குக்கும் மேல் தள்ளும். அவர் பேச்சைக் கேட்ட இருவர் ஓவர்ஃப்ளோ ஆகிறது என்று எனக்குத்தான் தொலைபேசியில் அழைத்தார்கள்.

புதுச்சேரியில் மலிவாகக் கிடைக்கிறது என்று கிடைத்த பெட்ரோலை ஊற்றிக்கொண்டு, அது சேம்பரில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும் என்று எதிர்பார்ப்பதும் சரியன்று. சேம்பர் காலியாக இருக்க வேண்டும். நான் சொல்வது இவ்வளவுதான்.

வில்லியனூர் 800

விவாதத்தில் தலையிட எண்ணியிருக்கவில்லை. ஆனால் புதுச்சேரிப் பெட்ரோலைப் பற்றிச் சொன்னதை விட முடியாது. இங்கே விலை குறைவதற்குக் காரணம் வரி குறைவு. எண்ணெய் நிறுவனங்கள் அதேதான். எத்தனால் கலப்பும் அதேதான். கன்னியகோவில் எல்லையைத் தாண்டி வந்து வரிசையில் நின்று நிரப்பிச் செல்லும் வண்டிகளில் பெரும்பகுதி எந்த ஊர்ப் பதிவெண் என்பதை அங்கே பத்து நிமிடம் நின்றால் பார்க்கலாம். எங்கள் பெட்ரோலை நிரப்பிக்கொண்டு எங்கள் பெட்ரோலையே பழிக்காதீர்கள்.

நெல்லிக்குப்பம் புதியவன்

அண்ணன்மார்களே, நன்றி சொன்ன தம்பி நான்தான். அப்பாவின் பத்மினி இரண்டு மாதமாக ஓடவில்லை. நீங்கள் இருவரும் நீண்ட நாள் என்று சொல்வது எத்தனை நாளை? பதினைந்து நாளா, ஆறு மாதமா? அதைச் சொன்னால் நான் எதைச் செய்வது என்று முடிவெடுப்பேன்.

முத்தியால்பேட்டை அம்பாசடர்

நான் எங்கள் வீட்டுப் பத்மினியைப் பற்றித்தான் எழுதினேன் என்பது என் பதிவைப் படித்தவர்களுக்குத் தெரியும். படிக்காமல் பதில் எழுதுவது கெடிலக்கரையாருக்குப் பழக்கம். மின்சாரப் பம்ப் விஷயத்திலும் அதுவே நடந்தது. குறைந்த அழுத்தப் பம்ப், அதோடு அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் என்று நான் எழுதியதில் பாதியை மட்டும் படித்துவிட்டு யாரோ எதையோ பொருத்தினால் அது என் குற்றமாகாது.

தேக்கரண்டிக்கு அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. இன்ஜின் நின்ற பிறகு சேம்பரின் அடியில் பெட்ரோல் தேங்குகிறதா, இல்லையா?

லாஸ்பேட்டை ஹெரால்டு

இருவரும் சேம்பரிலேயே நின்றுவிட்டீர்கள். பழைய வண்டிக்கு இன்று முதல் எதிரி ஓஸ். எங்கள் ஹெரால்டு கார் சென்னைக்கு அருகே தயாரான காலத்தில் பெட்ரோலில் எத்தனால் கலப்பார்கள் என்று யாரும் நினைத்து ரப்பர் செய்யவில்லை. இயற்கை ரப்பரும் பழைய கார்க் கேஸ்கெட்டும் எத்தனாலில் ஊறி உப்பும், மெத்தென்று ஆகும், பிறகு துகளாகப் பிரிந்து ஃபில்டரையும் ஜெட்டையும் அடைக்கும். எத்தனாலைத் தாங்கும் விட்டான் ரப்பரில் செய்த ஓஸும் டயாஃப்ரமும் கிடைக்கின்றன. விலை சற்றுக் கூடுதல். ஆனால் இன்ஜின் அறையில் தீப்பிடிப்பதோடு ஒப்பிட்டால் அது ஒரு விலையே அன்று.

இன்னொன்று. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். கார்புரேட்டருக்கு இது தெரியாது. பழைய ஜெட்டின் அளவிலேயே அது எரிபொருளைக் கொடுக்கும். 20 சதவீதக் கலப்பில் இன்ஜினுக்குக் கிடைப்பது எரிபொருள் குறைந்து காற்று மிகுந்த கலவை. அதனால்தான் பலருடைய வண்டி இப்போது ஏற்றத்தில் திணறுகிறது, அதிகமாகச் சூடாகிறது. மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கி, ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். என் வண்டியில் செய்துவிட்டேன்.

கெடிலக்கரையாரிடம் ஒரு கேள்வி. வண்டியை நிறுத்தும்போது டேங்கை நிறைத்து வையுங்கள் என்று நீங்களே முன்பு எழுதியிருக்கிறீர்கள். பின்னால் டேங்கில் நிறைந்திருந்தால் மருந்து, முன்னால் சேம்பரில் நிறைந்திருந்தால் நஞ்சு என்பது எப்படிப் பொருந்தும்?

கெடிலக்கரை பத்மினி

நன்றாகவே பொருந்தும். டேங்கில் முப்பது லிட்டருக்கு மேல் பெட்ரோல் இருக்கிறது. நிறைந்த டேங்கில் பெட்ரோலுக்கு மேலே காற்றுக்கு இடமில்லை. ஈரம் படியவும் உள்சுவர் துருப்பிடிக்கவும் வழியில்லை. சேம்பரில் இருப்பது ஒரு சிறு டம்ளர் அளவுகூட இல்லை. அது சூடான இன்ஜினின் பக்கத்தில், திறந்த துளையோடு இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசுவதுதான் பொருந்தாது.

தேக்கரண்டியைப் பற்றிப் பதில் கேட்கிறார்கள். இன்ஜின் நின்ற பிறகு நான் மேல்மூடியின் திருகுகளைக் கழற்றி, நூல் உதிராத துணியால் அடியில் இருப்பதை ஒற்றி எடுத்துவிடுவேன். பத்து நிமிட வேலை. தம் வண்டியை நேசிப்பவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதால் முதலில் எழுதவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பிறகு, எங்கும் வெள்ளம் நின்ற அந்த வாரத்தில், நானும் என் நண்பர் ஒருவரும் ஒரே பங்கில் அடுத்தடுத்து பெட்ரோல் நிரப்பினோம். இருவரும் பத்மினி வைத்திருப்பவர்கள். வீடு வந்ததும் எனக்கு ஐயம் எழுந்தது. ஒரு கண்ணாடிப் புட்டியில் சிறிது பெட்ரோல் பிடித்து இரவு முழுவதும் வைத்தேன். காலையில் புட்டிக்குள் இரண்டு அடுக்குகள் இருந்தன. மேலே பெட்ரோல், அடியில் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்த கலங்கல். எத்தனால் தன் அளவுக்கு மேல் தண்ணீரைக் குடித்துவிட்டால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். டேங்கிலிருந்து குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். உடனே சேம்பரைக் காலி செய்து துடைத்தேன். மழை விட்ட பிறகு டேங்கையும் இறக்கிக் கழுவினேன். நண்பர், பார்த்துக்கொள்ளலாம் என்று சேம்பர் நிறையப் பெட்ரோலோடு நிறுத்திவிட்டார். பிப்ரவரியில் அவர் கார்புரேட்டரைத் திறந்தபோது நான் அருகில் இருந்தேன். சேம்பரின் அடி முழுவதும் வெள்ளைப் பொடி. நீடில் வால்வு தன் இருக்கையில் ஒட்டிக்கொண்டு அசையவில்லை. மெயின் ஜெட்டில் வெளிச்சமே தெரியவில்லை. மும்பை குர்லாவில் பத்மினி உற்பத்தி நின்று கால் நூற்றாண்டு ஆகிறது. அசல் கார்புரேட்டரின் உடல் ஒன்று அரித்துப் போனால் அதைத் திரும்பப் பெற வழி இல்லை. இதைப் பார்த்த பிறகும் நிரப்பி வையுங்கள் என்று சொல்பவரிடம் எனக்குக் கோபம் வருகிறது. அதை மறைக்க விரும்பவில்லை.

முத்தியால்பேட்டை அம்பாசடர்

முதலில் இன்ஜின் நின்றால் சேம்பர் காலி என்றார். இப்போது மூடியைக் கழற்றித் துடைக்க வேண்டும் என்கிறார். தேக்கரண்டி இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டுவிட்டு, ஒப்புக்கொள்ளவில்லை என்பதுபோல் எழுதுகிறார்.

அவர் நண்பரின் கார்புரேட்டரைக் கெடுத்தது பங்கிலிருந்து வந்த தண்ணீர். நல்ல பெட்ரோல் நிறைந்த சேம்பருக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒவ்வொரு முறையும் மூடியைக் கழற்றினால் கேஸ்கெட் எத்தனை முறை தாங்கும் என்றும் அவர் சொல்ல வேண்டும். காலியான சேம்பரோடு வண்டியைக் கிளப்ப எத்தனை முறை செல்ஃப் அடிக்க வேண்டும் என்றும் சொல்ல வேண்டும்.

கெடிலக்கரை பத்மினி

என் வண்டிப் பம்ப்பில் கையால் அடிக்கும் நெம்புகோல் உண்டு. இருபது முறை அடித்தால் சேம்பர் நிறைந்துவிடும். செல்ஃபைத் தொட வேண்டியதே இல்லை. கேஸ்கெட்டை நானே தாளில் வெட்டிக்கொள்கிறேன். நான் எதையும் மாற்றிச் சொல்லவில்லை. காலி என்றால் காலி. துடைப்பதும் அதில் அடக்கம்.

மஞ்சக்குப்பம் பட்டறைக்காரர் மகன்

எங்கள் அப்பா நாற்பது ஆண்டுகள் கார்புரேட்டர் வேலை செய்தவர். அவர் சொன்னது, வாரம் ஒரு முறை வண்டியை எடுத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டினால் இந்தக் கேள்வியே எழாது என்பதுதான். சேம்பரில் புதுப் பெட்ரோல் வந்துகொண்டே இருக்கும். ரப்பரும் நனைந்தே இருக்கும். இன்னொன்றும் சொல்வார்: ஜெட் அடைத்தால் கம்பியால் குத்தாதீர்கள். பித்தளைத் துளை பெரிதாகிவிட்டால் வண்டி அதன் பிறகு பெட்ரோலைக் குடித்துக்கொண்டே இருக்கும். காற்றால் ஊதித்தான் எடுக்க வேண்டும்.

முத்தியால்பேட்டை அம்பாசடர்

வாரம் ஒரு முறை ஓட்ட முடிந்தால் அதை நிறுத்தி வைப்பது என்று யார் சொல்வார்கள்? கம்பியைப் பற்றிச் சொன்னது சரி. மெல்லிய செப்புக் கம்பியால் துளை பெரிதாகாது என்பது என் அனுபவம்.

கெடிலக்கரை பத்மினி

செப்புக் கம்பியும் கூடாது. ஜெட்டில் கம்பியை விடுபவர் சேம்பரைப் பற்றி எனக்குப் பாடம் சொல்கிறார்.

நெல்லிக்குப்பம் புதியவன்

அண்ணா, மீண்டும் கேட்கிறேன். எத்தனை நாளுக்கு மேல் நின்றால் இதெல்லாம் பொருந்தும்? இன்று மூடியைக் கழற்றிப் பார்த்தேன். சேம்பரில் பாதிக்கும் குறைவாகவே இருந்தது; வார்னிஷ் வாடை அடித்தது. அடியில் பழுப்பாக ஒரு வளையம் தெரிகிறது.

கெடிலக்கரை பத்மினி

அந்தப் பழுப்பு வளையத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், தம்பி. நிரப்பி நிறுத்தியதால் வந்தது அது. முத்தியால்பேட்டையார் பார்க்கட்டும்.

முத்தியால்பேட்டை அம்பாசடர்

வளையம் அடியில்தானே இருக்கிறது? தேக்கரண்டி தேங்கும் அதே இடத்தில். படத்தைத் தாராளமாகப் போடுங்கள்.