நரம்பு மரப்பு: குடலிறக்க அறுவைக்குப் பிந்தைய வலி ஊசிக்கு ஒரு பெயர்

அனைவருக்கும் வணக்கம்.

அறுவைக்குப் பின் வலி தெரியாமலிருக்க நரம்புகளின் அருகே மருந்து செலுத்துவதை ஆங்கிலத்தில் 'நெர்வ் பிளாக்' என்கிறோம். அதற்கு 'நரம்புத் தடுப்பு' என்ற சொல்லே போதும் என்ற கருத்தில் எனக்கு உடன்பாடில்லை. பெங்களூரில் மயக்க மருந்து மருத்துவராக இருக்கிறேன். அல்சூர், ஸ்ரீராம்புரம் பகுதித் தமிழ் நோயாளிகளுக்காக, நுண்துளைக் குடலிறக்க அறுவை (லேப்ரோஸ்கோபி முறையிலான ஹெர்னியா அறுவை) பற்றி ஒரு விளக்கத் தாள் எழுதி வருகிறேன். 'தடுப்பு' என்ற சொல்லின் அருகில் 'ஊசி' வந்தால் தடுப்பூசி என்றுதான் படிப்பார்கள். 'அடைப்பு' என்றால் இதயம் நினைவுக்கு வரும். 'முடக்கம்' வேண்டவே வேண்டாம்; பக்கவாதம் வந்துவிடுமோ என்று அஞ்சுவார்கள்.

என் பரிந்துரை 'நரம்பு மரப்பு'. கால் மரத்துப்போயிற்று என்று சொல்லாத தமிழர் உண்டா? இற, இறப்பு என்பதுபோல மர, மரப்பு. நோயாளி உணரப்போவதும் அதையே.

இவ்வகை ஊசிகளில் வயிற்றுச்சுவருக்கென உள்ளது 'டேப் பிளாக்' (TAP block). அதற்குக் 'குறுக்கு வயிற்றுத்தசைத் தளத் தடுப்பு' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'தளம்' என்றால் தரை, மாடி என்று மனம் போகும். இங்கே உள்ளது ஓர் இடைவெளி. வயிற்றின் பக்கச் சுவரில் மூன்று தசை அடுக்குகள். உள்ளிருக்கும் இரண்டுக்கும் நடுவில்தான் நரம்புகள் ஓடுகின்றன. 2001இல் ரஃபி என்ற மருத்துவர் இந்த வழியை விவரித்தபோது, ஊசி அடுக்கைத் துளைப்பதைக் கைதான் உணர்ந்தது. இப்போது அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்தபடியே மரக்கச் செய்யும் மருந்தான பியூபிவாகைனையோ ரோபிவாகைனையோ அந்த இடைவெளியில் செலுத்துகிறோம். ஆகவே 'தசையிடை நரம்பு மரப்பு'.

'வலிநீக்கி ஊசி' என்று எளிமையாகச் சொல்லலாமே என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஊசி வயிற்றுச்சுவரின் வலியை மட்டுமே தணிக்கும். உள்ளுறுப்புகளின் வலிக்கு இது எட்டாது. வயிற்றை உப்பவைக்கச் செலுத்தும் கரியமில வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் தோள்பட்டை வலிக்கலாம். அதற்கும் இது உதவாது. வலிநீக்கி என்று சொல்லியனுப்பினால், தோள் வலித்தவுடன் ஊசி பலிக்கவில்லை என்றே நோயாளி நினைப்பார். மரப்பு என்றால் எங்கே மரத்திருக்கிறது என்று அவரே தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

மறுமொழி:

ஐயா, கன்னடத்தில் அனஸ்தீசியாவை 'அரிவளிகெ' என்கிறார்கள். அறிவு, அழிவு இரண்டும் சேர்ந்த அழகான சொல். அதை ஒட்டி 'நரம்புணர்வழிப்பு' என்று வைத்தால் துறைச்சொல்லுக்குரிய கம்பீரம் இருக்குமே? 'மரப்பு' கொச்சையாக ஒலிக்கிறது. 'மறப்பு' என்று அச்சிட்டுவிடும் ஆபத்தும் உண்டு.

மறுமொழி:

அம்மா, அச்சுப்பிழை பற்றிய எச்சரிக்கையை ஏற்கிறேன். தாளில் முதல் முறை வரும் இடத்தில் 'மரத்துப்போகச் செய்தல்' என்று விளக்கமும் சேர்த்துவிடுகிறேன். ஆனால் 'அழிப்பு' கூடாது. அழிந்தது திரும்புமா என்ற கேள்வி உடனே எழும். மரத்த கால் மீளும் என்பது குழந்தைக்கும் தெரியும், அந்த நம்பிக்கையைச் சொல்லே கொடுக்கிறது. மேலும் 'அரிவளிகெ' முழு மயக்கத்துக்கும் பொருந்தும். இந்த நோயாளிகளுக்கு முழு மயக்கமும் கொடுக்கிறோம், மரப்பும் கொடுக்கிறோம். மயக்கம் அறுவை முடிந்ததும் தெளிந்துவிடும். மரப்போ பல மணி நேரம் நீடிக்கும். இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருந்தால்தான், "மரப்பு விலகும் முன்பே பாராசிட்டமால் மாத்திரையைத் தொடங்குங்கள்" என்று ஒரே வரியில் எழுத முடியும். தாளில் அந்த வரியைத் தடித்த எழுத்தில் போடப்போகிறேன்.