மாடலில் வட்டியைச் சராசரிக் கடனில் போடுவதா, ஆரம்ப இருப்பில் போடுவதா?

வணக்கம். இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் சம்மர் இன்டர்ன்ஷிப்பில் தரப்படும் மூன்று அறிக்கை எக்செல் மாடல் (லாப நட்டக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு, பணப்புழக்க அறிக்கை மூன்றையும் இணைத்த கணிப்பு) பற்றி, டீல்களில் வேலை செய்தவர்களின் உதவி தேவை.

ஆரம்பக் கடன் 500, இறுதிக் கடன் 400, வட்டி 8% என்று வையுங்கள். சராசரியில் போட்டால் 36. ஆரம்ப இருப்பில், அதாவது ஆரம்பக் கடனில், போட்டால் 40. ஆண்டு முழுக்கக் கடன் கொஞ்சம் கொஞ்சமாக அடைபட்டால் சராசரிதான் சரி. ஆனால் வட்டி மாறினால் லாபம் மாறும், கையிருப்பு மாறும், அடைக்கும் தொகை மாறும், மறுபடி வட்டி மாறும். இந்தச் சுழலுக்காக இட்டரேட்டிவ் கால்குலேஷனை (எக்செல் திரும்பத் திரும்பக் கணக்கிடும் செட்டிங்) ஆன் செய்தால், ஒரு செல்லில் வந்த பிழை சுழல் முழுக்கப் பரவி, மூலத்தைத் திருத்திய பிறகும் போவதில்லை. 0/1 ஸ்விட்ச் செல் வைத்து, 0 போட்டு வட்டியைப் பூஜ்யமாக்கி, திரும்ப 1 போட்டால்தான் தெளிகிறது. இஃப்எரர் (பிழை வந்தால் வேறு மதிப்பைக் காட்டும் ஃபார்முலா) போடச் சொல்லாதீர்கள், நிஜத் தவறையும் அது மூடிவிடும்.

இன்னொரு தலைவலி: அந்த இட்டரேட்டிவ் செட்டிங் முதலில் திறந்த ஃபைலைப் பொறுத்தது. சீனியர் அது ஆஃப் ஆன வேறு ஃபைலை முதலில் திறந்து வைத்திருந்தால், ஃபார்முலா சுழல்கிறது என்ற சர்குலர் எச்சரிக்கைதான் வரும்.

நீங்கள் வைப்பது ஸ்விட்சா, ஆரம்ப இருப்பா, காப்பி-பேஸ்ட் மேக்ரோவா (கணக்கிட்ட வட்டியை வெறும் எண்ணாகத் திரும்பத் திரும்ப ஒட்டி, இரண்டும் நெருங்கும்வரை ஓடும் நிரல்)? மேக்ரோ என்றால் எந்த வித்தியாசத்தில் நிறுத்துகிறீர்கள்? காரணத்தோடு சொன்னால் பெரிய உதவி.