மறுமொழி: ‘செவரன்ஸ்’ சிகிச்சைக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

மொழிபெயர்ப்பு மாணவர்களின் சப்டைட்டில் பயிற்சிக்கு ‘செவரன்ஸ்’ தொடரின் (2022) முதல் இரண்டு பகுதிகளை எடுத்திருக்கிறோம். கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் லூமன் நிறுவன ஊழியர் சிலருக்கு மூளையில் சிப் வைத்து, அலுவலக நினைவையும் வெளி நினைவையும் பிரித்துவிடுகிறார்கள். அந்தச் சிகிச்சைக்கும், அலுவலகத்தில் மட்டும் இருக்கும் ‘இன்னி’, வெளியே வாழும் ‘அவுட்டி’ இரண்டுக்கும் சொல் வேண்டும். மாணவர்கள் ஒருவர் விடாமல் ‘நினைவு அழிப்பு’ என்று எழுதுகிறார்கள்.

நீளத்தையும் பார்க்க வேண்டும். ஒரு வரிக்கு 40 குறியீடு என்று வைத்திருக்கிறோம். மென்பொருள் ஒருங்குறிக் (யூனிகோட்) குறியீட்டைத்தான் எண்ணும், உயிர்க்குறியும் புள்ளியும் அதற்குத் தனிக் குறியீடு. ‘நினைவு அழிப்பு’ நம் கண்ணுக்கு 7 எழுத்து, அதற்கு இடைவெளியோடு சேர்த்து 14. மூன்று சொல் தொடரானால் பாதி வரி போய்விடும்.

— கா.செ.

~~~

கா.செ. அவர்களுக்கு,

‘அழிப்பு’ வேண்டவே வேண்டாம். அந்தத் தொடரில் எதுவும் அழிவதில்லை. முதல் பகுதியில் புதிய ஊழியர் ஹெல்லி மேசைமேல் கண் விழித்ததும் 5 கேள்வி கேட்கிறார்களே, அதைப் பாருங்கள். தன் பெயர் தெரியவில்லை, பிறந்த மாநிலம் தெரியவில்லை, தாயின் கண் நிறம் தெரியவில்லை. ஆனால் அமெரிக்க மாநிலம் ஒன்றின் பெயர் கேட்டால் ‘டெலவேர்’ என்கிறாள். மொழி இருக்கிறது, உலக அறிவு இருக்கிறது, தான் வாழ்ந்த வாழ்வு மட்டும் எட்டவில்லை. உளவியலாளர் எண்டெல் டல்விங் 1972இல் பிரித்துக் காட்டிய நிகழ்வு நினைவும் (வாழ்ந்தது) பொருள் நினைவும் (அறிந்தது) இவைதாம். சிப் முதலாவதை மட்டும் தொடுகிறது. அதையும் இடத்தை வைத்து வெட்டுகிறது: அலுவலகத் தளத்துக்கு லிஃப்ட் இறங்கினால் ஒருத்தி, ஏறினால் இன்னொருத்தி. இருவர் நினைவும் தனித்தனியே சேர்ந்துகொண்டே போகிறது.

‘நினைவுத் துண்டிப்பு’ என்பேன். மின்துண்டிப்பு, தொடர்புத் துண்டிப்பு என்று நாளும் கேட்கும் சொல். துண்டித்ததை மறுபடி இணைக்கலாம் என்ற பொருளும் அதற்குள்ளேயே இருக்கிறது. 19 குறியீடுதான்.

— இ.ந.

~~~

அன்பர்களே,

‘துண்டிப்பு’ நல்ல சொல். ‘துணி’ என்றால் அறு. அறுத்தெடுப்பதால் ஆடை துணி ஆனது, ஐயத்தை அறுப்பதால் முடிவு துணிபு ஆனது, துண்டும் அந்த வேரில் வந்ததுதான். ஆனால் ஒரு தொடருக்கு மட்டும் சொல் தேடிவிட்டு நின்றால் போதுமா? இந்த வகைக் கதை முழுவதற்கும் அடுக்கு வேண்டாமா?

சொல்லும் சொல்லும் சேரும்போது வரும் திரிபு மூன்று என்கிறார் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில்: ‘மெய்பிறி தாதல் மிகுதல் குன்றல்’. நினைவுக்கு இதை அப்படியே வைத்துப் பாருங்கள். இல்லாததைப் புகுத்தினால் மிகுதல்: ‘ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரில் 1996இல் வந்த ஒரு பகுதியில் ஓபிரையன் மனத்தில் 20 ஆண்டுச் சிறைவாசத்தைச் சில மணி நேரத்தில் ஏற்றிவிடுகிறார்கள். இருந்ததை நீக்கினால் குன்றல். ஒன்றை எடுத்து வேறொன்றை வைத்தால் மெய்பிறிதாதல்: ‘டால்ஹவுஸ்’ (2009) முழுக்க அதுதான். மூன்றுக்கும் பொதுப்பெயர் ‘நினைவுத் திரிப்பு’. பிரிந்த இரண்டும் மீண்டும் சேர்வது ‘நினைவுப் புணர்ச்சி’, இலக்கணத்தில் சொற்கள் சேர்வதற்குப் புணர்ச்சி என்பதுபோல. இருக்கிற இலக்கணத்தை விட்டுவிட்டுப் புதிதாக ஏன் தேட வேண்டும்?

— பு.வ.

~~~

பு.வ. ஐயா,

அடுக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கேட்ட சொல்லுக்கு அதில் இடமே இல்லையே. ‘செவரன்ஸ்’ சிகிச்சையில் ஒன்று மிகவும் இல்லை, குன்றவும் இல்லை, பிறிதாகவும் இல்லை. ஒன்று இரண்டாயிற்று. ‘வெஸ்ட்வேர்ல்ட்’ (2016) எடுத்தாலும் இதே சிக்கல். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் மனித உருவ இயந்திரங்களின் நினைவைத் துடைப்பதாகச் சொல்கிறார்கள், பழையது உள்ளே கிடந்து அவற்றில் டலோரஸுக்கும் மேவுக்கும் மேலெழுகிறது. அது குன்றலா? ‘நினைவு மறைப்பு’ என்றால்தான் கதை புரியும். மறைத்தது வெளிப்படும், அழித்தது வெளிப்படாது.

‘புணர்ச்சி’யை வகுப்பில் சொல்லிப் பாருங்கள். எழுத்திலக்கணத்துக்கு வெளியே அச்சொல்லுக்கு இன்று ஒரே பொருள்தான்.

‘இன்னி’, ‘அவுட்டி’க்கு ‘உள்ளாள்’, ‘வெளியாள்’. ‘ஆள்’ ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும், நாயகன் மார்க்குக்கும் ஹெல்லிக்கும் வேறு வேறு விகுதி தேட வேண்டாம். ‘உள்ளி’ என்று சுருக்கிவிடாதீர்கள், தென்மாவட்டங்களில் அது வெங்காயம், பூண்டு.

— மே.

~~~

மே. அம்மா,

‘வெளியாள்’ என்றால் அயலான் அல்லவா? அகத்தார், புறத்தார் என்பதே சரி. அகத்திணையில் ‘சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்’ என்பது விதி, யாரையும் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது. லூமன் நிறுவனத்தின் கீழ்த்தளத்திலும் முழுப்பெயர் கிடையாது: மார்க் எஸ்., ஹெல்லி ஆர். அகத்துக்குள் வந்தவனுக்குக் குடிப்பெயர் இல்லை. இதைவிடப் பொருத்தம் வேறு எங்கே கிடைக்கும்?

— பு.வ.

~~~

பொருத்தம் தலைகீழாக இருக்கிறது, ஐயா. அகம் என்றால் வீடும்தானே? அந்தத் தொடரில் வீடு, உறவு, இறந்ததாக நம்பும் மனைவிக்கான துயரம் எல்லாம் வெளியே இருப்பவனிடம் இருக்கின்றன. உள்ளே இருப்பவனுக்கு அலுவலகத்தைத் தவிர எதுவும் இல்லை. அவனை ‘அகத்தான்’ என்றால் சங்கம் படித்த மாணவர்தான் முதலில் குழம்புவார்.

— இ.ந.

~~~

வணக்கம்.

நேரம் இல்லை, இத்தோடு தொகுக்கிறேன். கையேட்டில் போவன: நினைவுத் துண்டிப்பு, உள்ளாள், வெளியாள். இ.ந., மே. இருவருக்கும் உடன்பாடு, எனக்கும்தான். பொதுப்பெயராக ‘நினைவுத் திரிப்பு’ முன்னுரையில் வரும், துண்டிப்பு அதற்குள் அடங்குமா என்பதை எழுதாமல் விடுகிறேன். ‘அழிப்பு’ பயன்படுத்தக் கூடாத இடங்களுக்கு ‘வெஸ்ட்வேர்ல்ட்’ எடுத்துக்காட்டைச் சேர்த்துவிட்டேன். மார்க்கின் முன்னாள் சக ஊழியர் பீட்டிக்கு நடக்கும், பிரிந்த நினைவுகளின் மறுசேர்க்கைக்கு ‘மீளிணைப்பு’ என்று போட்டிருக்கிறேன்.

— கா.செ.

~~~

கா.செ. அவர்களுக்கு,

முதல் மூன்றும் இருக்கட்டும். ‘மீளிணைப்பு’ மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. இணைப்பில் இரண்டும் தம் உருவம் மாறாமல் ஒட்டிக்கொள்ளும், ரயில் பெட்டிபோல. பீட்டிக்கு அப்படியா நடந்தது? வீடும் அலுவலகமும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, எந்தக் காலத்தில் நிற்கிறோம் என்றே தெரியாமல் போய், உயிரும் போயிற்று. நிலைமொழியும் வருமொழியும் சேரும்போது இரண்டின் ஓரமும் சிதைகிறதே, அதைச் சொல்லும் சொல் வேண்டும். ‘புணர்ச்சி’ கூச்சம் தருமானால் ‘நினைவுப் புணர்ப்பு’ என்று போடுங்கள். அதுவும் முடியாவிட்டால் அடிக்குறிப்பிலாவது என் மறுப்பு வரட்டும்.

— பு.வ.