கிச்சடி வேண்டாமாம்

(குழு: பாட்டா வீட்டுப் பேரப்பிள்ளைகள்)

சின்ன மைனி: கோபிச்செட்டிபாளையம் சம்பந்தியம்மா கூப்பிட்டார்கள். மதியப் பந்தியில் கிச்சடி வேண்டாமாம். சமையல் தவசிப்பிள்ளை அதற்கு வெள்ளரிக்காய் எடுக்கவா என்று கேட்கிறார்.

பெரிய அத்தான்: கிச்சடி இல்லாமல் என்ன கல்யாணச் சாப்பாடு?

சென்னைத் தம்பி: வேண்டாம் என்றால் விடுங்களேன்

வாத்தியார் சித்தப்பா: அவசரப்பட வேண்டாம். கோபிச்செட்டிபாளையத்தில் கிச்சடி என்றால் ரவையில் காய்கறி போட்டுக் கிளறுவது. சாப்பாட்டு இலையில் உப்புமாவா என்று பயந்திருப்பார்கள். நம்முடையது வெள்ளரிக்காயில் தேங்காயும் கடுகும் அரைத்து விட்டுத் தயிர் சேர்ப்பது. நம் குமரி மாவட்டத்துத் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் நான்கும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தவை. அதுதான் கேரளத்து ஓலனும் எரிசேரியும் பிரதமன் பாயசமும் இன்னும் நம் இலையை விடவில்லை.

பெரிய அத்தான்: இதை அவர்களிடம் சொல்லுங்கள் மாமா. எங்களுக்கு எதற்கு?

அக்கா: மைனி, அவர்கள் அனுப்பிய பட்டியலில் அஸ்கா 10 கிலோ என்று இருக்கிறதே?

சின்ன மைனி: சீனி

அக்கா: நான் வயிற்று மருந்து என்று நினைத்தேன். 10 கிலோவா என்று ஆடிப்போய்விட்டேன்

வாத்தியார் சித்தப்பா: அஸ்கா ஒடிசாவில் ஓர் ஊர். பழைய சர்க்கரை ஆலை உள்ள இடம். அந்த ஊர்ப் பெயர்தான் கொங்கு நாட்டில் சீனிக்கு

பெரிய அத்தான்: 🙏

அக்கா: அரசாணிக்காய்?

சின்ன மைனி: பூசணிக்காய். மஞ்சள். தடியங்காய் வாங்கிவிடாதே

சென்னைத் தம்பி: மட்டி வாழைக் குலை வடசேரி சந்தையில் சொல்லியாச்சா?

பெரிய அத்தான்: பந்திக்கு ரசகதலி போதும்

வாத்தியார் சித்தப்பா: மட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் ருசி பார்க்க வேண்டாமா?

பெரியம்மை: மக்களே, போன கல்யாணத்தில் எனக்குப் பிரதமன் வரவே இல்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை

அக்கா: பெரியம்மை, அது எந்தக் காலத்துக் கதை

பெரியம்மை: பாதி இலையில் எழுந்தேன். ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை

பெரிய அத்தான்: அன்று விளம்பினது நான் இல்லை

சின்ன மைனி: அத்தை, இந்தத் தடவை முதல் பந்தியே உங்களுக்குத்தான்

பெரியம்மை: பார்ப்போம்

சென்னைத் தம்பி: கிச்சடியைத் தயிர்ப் பச்சடி என்று சொல்லிப் போட்டுவிடலாமே

வாத்தியார் சித்தப்பா: பச்சடி வேறு, கிச்சடி வேறு. இஞ்சிப் பச்சடி ஏற்கெனவே இருக்கிறது.

சின்ன மைனி: சரி, எதற்கும் பாதி வெள்ளரிக்காய் எடுக்கச் சொல்லிவிட்டேன். சம்பந்தியம்மாவிடம் யார் பேசுவது? மாமா தவிர

சென்னைத் தம்பி: வேன் எத்தனை மணிக்கு?