ஹார்னன்கூர்: பரோக் கருவிக்காரர் பீத்தோவனுக்கு வந்தது எப்படி?

கேள்வி: ஆஸ்திரிய இசை நடத்துநர் நிக்கோலஸ் ஹார்னன்கூர் பழைய (பரோக், அதாவது 17-18ஆம் நூற்றாண்டு) கருவிகளால் பெயர் பெற்றவர். அவருடைய பீத்தோவன் சிம்பனிகளில் இருப்பவை நவீனக் கருவிகளா? அவற்றின் ஒலியில் இருக்கும் கூர்மை எங்கிருந்து வருகிறது?

பதில் 1: ஐரோப்பிய சேம்பர் இசைக்குழுவோடு 1990-91இல் செய்த பதிவு அது. கருவிகள் நவீனமானவை, ட்ரம்பெட் மட்டும் வால்வு (சுரம் மாற்றும் விசை) இல்லாத பழைய வகை. சூட்சுமம் அங்கேதான். வால்வு ட்ரம்பெட்டை உரக்க ஊதினால் ஓபோ, கிளாரினெட் போன்ற மரக் குழல்கள் அமுங்கிவிடும். அதனால் வாசிப்பவர் அடக்கி ஊதுவார், உச்சகட்டம் சப்பென்று ஆகிவிடும். பழைய ட்ரம்பெட்டை முழு மூச்சோடு ஊதலாம், மற்றவையும் கேட்கும். தந்திக் கருவிகளில் அதிர்வு (விப்ராட்டோ) ஓயாமல் ஓடாது, அலங்காரமாக மட்டுமே வரும்.

பதில் 2: அடித்தளம் வியன்னா. 1952 முதல் 1969 வரை வியன்னா சிம்பனி இசைக்குழுவில் செல்லோ வாசித்தார். நடுவில் 1953இல் மனைவி ஆலிஸோடு பழைய கருவிகளில் வாசிக்கும் கான்சென்டஸ் மூசிகஸ் குழு தொடக்கம். முதல் பொதுக் கச்சேரி 1957இல்தான்! அவ்வளவு நாள் ஆனதில் வியப்பில்லை. பழைய கருவிகளின் ஆட்டுக்குடல் தந்தி ஈரப்பதம் மாறினாலே சுருதி விலகும். வில்பிடியையும் புதிதாகப் பழக வேண்டும்.

பதில் 3: பீத்தோவனுக்கு முன் அவருடைய பாக் கண்டாட்டா (குரலும் கருவிகளும் சேர்ந்த பாடல் தொகுப்பு) பதிவுகளைக் கேளுங்கள். ஹார்ப்சிகார்ட் கலைஞர் குஸ்டாவ் லியோன்ஹார்ட்டோடு பங்கிட்டு 1971இல் தொடங்கியவை. சோப்ரானோ (மிக உயர்ந்த குரல்) பகுதியைச் சிறுவர்கள் பாடுவதால் சுருதி ஆங்காங்கே தடுமாறும். ஆனால் சொல்லுக்குச் சொல் அழுத்தம் மாறுவதைக் கவனியுங்கள். பீத்தோவனிலும் அதே பேச்சுநடைதான்.