டைமிங் பெல்ட் மாற்றியபின் ஆம்னி இழுக்கவில்லை

வணக்கம். 1994 மாடல் மாருதி ஆம்னி, 796 சிசி, கார்புரேட்டர் வண்டி. ஊர் போடிநாயக்கனூர். இரண்டு வாரம் முன்பு சீட்டைத் தூக்கி டைமிங் பெல்ட்டையும் (கிராங்கையும் வால்வைத் திறக்கும் கேமையும் இணைக்கும் பல் பெல்ட்) டென்ஷனரையும் (அதை இறுக்கிப் பிடிக்கும் உருளை) நானே மாற்றினேன். அன்றிலிருந்து ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ஐடிலில் உதறுகிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் கார்புரேட்டர் வழியாக 'டப் டப்' என்று அடிக்கிறது. மேட்டில் இரண்டாவது கியரிலும் ஏற மாட்டேன் என்கிறது.

பிளக் மூன்றும் புதுசு. பாயின்ட் இடைவெளி பார்த்தாச்சு, கார்புரேட்டரைக் கழுவியாச்சு, பிளக் வயரும் சிலிண்டர்கள் எரியும் 1-3-2 வரிசையில்தான் இருக்கிறது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரை அட்வான்ஸ் பக்கம் (பொறி முன்னதாக விழும் பக்கம்) கடைசிவரை திருப்பினால் கொஞ்சம் தேவலை. எனக்கு உறுத்துவது இதுதான். பெல்ட் போட்டபோது கேம் புல்லி மார்க் நேராக நின்றது. டென்ஷனர் போல்ட்டை இறுக்கியதும் அரைப் பல் அளவு நகர்ந்தது. சரி, பரவாயில்லை என்று மூடிவிட்டேன். கையால் கிராங்கை இரண்டு சுற்று சுற்றி, மார்க் மறுபடி நேராக நிற்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும்.

அப்பா இந்த வண்டியில்தான் சந்தைக்குக் காய்கறி ஏற்றுகிறார். இரண்டு வாரமாக வாடகை ஆட்டோதான்.

கேம் ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருக்கிறதா என்று, எல்லாவற்றையும் மறுபடி பிரிக்காமல் உறுதி செய்வது எப்படி?