முட்டையிட்ட நொடியிலேயே அதைத் தின்ற டேனியோ: உங்களுக்கு நேர்ந்தவற்றையும் எழுதுங்கள்

கோலிக்குண்டு:
நாம் தொட்டியில் வளர்க்கும் சின்ன மீனான டேனியோ தன் முட்டையைத் தானே தின்னும் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்துதான் இருந்தது. முட்டைகள் இடுக்கில் விழுந்து தப்பட்டும் என்று தொட்டியின் அடியில் கோலிகளை இரண்டு அடுக்காகப் பரப்பி, சினை முற்றிய ஒரு பெண்ணையும் இரண்டு ஆண்களையும் இரவில் விட்டு, விடிந்ததும் விளக்கைப் போட்டேன். சிறிது நேரத்தில் துரத்தல் தொடங்கியது. ஆண் பக்கவாட்டில் ஒட்டி நடுங்கிய நொடியில், உப்புத்தூளைத் தூவியதுபோல் முட்டைகள் இறங்கின. அவை பாதி ஆழத்தைக் கடப்பதற்குள், பெண் மீன் வாலைச் சொடுக்கித் தலைகீழாகத் திரும்பி, அப்போதுதான் தான் விட்டவற்றைப் பொறுக்கி விழுங்கியது. நடுக்கத்திற்கும் விழுங்கலுக்கும் இடையே ஒரு மூச்சு விடும் நேரம்கூட இல்லை. நான் கையில் வலையுடன் நின்றபடியே இருந்தேன். பிறகு கோலிகளை அகற்றித் தேடியதில் கிடைத்தவை 11 முட்டைகள்.

பாசிக்கொத்து:
கோலிகளின் மீது குற்றமில்லை. நீங்கள் தொட்டியை நிறைய நிரப்பியிருப்பீர்கள். நீர் 10 செ.மீ. அளவுக்கு இருந்தால் முட்டை இடுக்கில் விழுந்த பிறகுதான் மீன் திரும்பும். டேனியோ முட்டை ஒட்டாது, நேரே கீழே போகும் என்பதால் இது பலிக்கிறது. என்னுடையவை டைகர் பார்ப் மீன்கள். அவற்றின் முட்டைகள் ஜாவா பாசியில் ஒட்டிக்கொண்டன. பெற்றோரை அன்றே பிரித்துவிட்டேன். மறுநாள் கெட்டு வெளுத்த முட்டைகளைச் சொட்டுக்குழாயால் உறிஞ்சி எடுத்துக்கொண்டிருந்தபோது, குழாய்க்குள் தவறி ஏறிய தெளிவான ஒன்றினுள் வால் ஒருமுறை துடித்ததைப் பார்த்தேன். அதைத் திரும்ப விட்டுவிட்டேன். ஆனால் அதற்கு முன்பு பார்க்காமலேயே கொட்டியவற்றில் இப்படி எத்தனை இருந்தனவோ என்ற எண்ணம் இன்னும் போகவில்லை.

கறுப்புத்துணி:
நியான் டெட்ரா மீனின் முட்டைகளுக்கு வெளிச்சம் ஆகாது என்பதற்காகத் தொட்டியை நாற்புறமும் கறுப்புத் துணியால் மூடியிருந்தேன். இரவில் பொறுமையிழந்து, துணியின் ஓரத்தைத் தூக்கி டார்ச்சை ஒரே ஒரு நொடி அடித்தேன். கண்ணாடித் துளிகள்போல் அவ்வளவும் மின்னின. காலையில் அவ்வளவும் வெள்ளை. அந்த ஒரு நொடிக்காக என்னை நானே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆறாம்நாள்:
கறுப்புத்துணி அவர்களே, ஒரு நொடி டார்ச்சின் மீது பழியைப் போடாதீர்கள். நியானுக்குக் கடினத்தன்மை மிகக் குறைந்த, அமிலத்தன்மையுள்ள நீர் வேண்டும்; கடின நீரில் கருவுறுதலே குறைந்துவிடும், கருவுறாத முட்டை எந்த இருட்டிலும் வெளுக்கத்தான் செய்யும். நீரின் கடினத்தன்மையை அளந்தீர்களா என்பதை நீங்கள் எழுதவே இல்லை.

என் கதை சிறியது: ரோஸி பார்ப் மீன் குஞ்சுகள் நூற்றுக்கு மேல் நீந்தத் தொடங்கின, ஆறாம் நாள் ஒன்றுகூட இல்லை. பட்டினிதான் காரணம். எனவே எல்லாருக்கும் சொல்கிறேன்: ஜோடியைச் சேர்ப்பதற்குச் சில நாட்கள் முன்பே இன்ஃபுசோரியாவை, அதாவது குஞ்சுகளுக்கு முதல் உணவாகும் நீர் நுண்ணுயிர்களை, வளர்க்கத் தொடங்குங்கள். குஞ்சு தானாக நீந்தும்வரை வயிற்றிலுள்ள கருவுணவே அதற்குப் போதும். அதற்குள் எதையாவது தூவினால் நீர்தான் கெடும். வேகவைத்த மஞ்சள் கருவைக் கரைத்து ஊற்றுபவர்கள் ஒரு துளியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், மறுபடியும் சொல்கிறேன், ஒரு துளி. குஞ்சுகளின் வாய் சற்றுப் பெரிதான பிறகு ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றிறாலின் குஞ்சுகளைக் கொடுக்கலாம். அதன் முட்டை 28 டிகிரி செல்சியஸ் உப்பு நீரில் ஏறத்தாழ ஒரு நாளில் பொரிந்துவிடும், பொரிந்த சில மணி நேரத்திற்குள் கொடுத்தால்தான் அதில் சத்து இருக்கும். ஃபில்டரைப் பொறுத்தவரை ஸ்பாஞ்ச் மட்டும் போதும், காற்றும் மெல்ல வரட்டும்; மற்றவை குஞ்சுகளையே உறிஞ்சிவிடும்.

கோலிக்குண்டு:
உணவைப் பற்றி நான் கேட்கவில்லை, ஆனாலும் இன்ஃபுசோரியா தொடங்கிவிட்டேன். நீரின் உயரம் பற்றிப் பாசிக்கொத்து சொன்னது உண்மை. நான் 30 செ.மீ. வைத்திருந்தேன். 11 முட்டைகளில் 7 பொரிந்து, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு தொங்குகின்றன. அந்தப் பெண் மீன் பக்கத்துத் தொட்டியிலிருந்து நாள் முழுதும் அந்தப் பக்கமே வந்து நின்றதால், இரண்டு தொட்டிகளுக்கும் நடுவே ஓர் அட்டையைச் செருகி வைத்திருக்கிறேன்.